மச்சில் மரநாய்: பிடிக்க ஆள் வைக்கலாமா?

சென்னையில் இருக்கும் ஒரு வாசகியிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாமனார் வழி வந்த பழைய வீடு. ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்குப் பங்கு. வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கிடக்கிறது. காவல்காரர் வந்து பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவார். இரண்டு வருஷமாக இரவில் மச்சின் மேல் திமுதிமுவென்று ஓடும் சத்தம். காவல்காரர் முதலில் வேறு ஏதோ சமாச்சாரம் என்று பயந்து பூசைகூடப் போட்டிருக்கிறார். அப்புறம் வளவு என்கிற உள்முற்றத்தின் ஓரத்தில் சப்போட்டாக் கொட்டையோடு எச்சம், தேக்குப் பலகையில் வட்டமாக மூத்திரக் கறை. இந்த ஆவணியில் வாசகியும் கணவரும் போய்த் தங்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு கண்ணும் நீளமான கருப்பு வாலும் தெரிந்தன. மரநாய். மெல்லிய கீச்சுச் சத்தமும் கேட்டதாம், குட்டி இருக்குமோ என்று சந்தேகம். போன மாதம் மேல்மாடியில் வயர் கடிபட்டு மின்சாரம் நின்றுபோனது. இரண்டாம் கட்டில் வௌவால் வேறு.

தை மாதம் மகனுக்குக் கல்யாணம், பெண் அழைப்பு இந்த வீட்டில்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்று, ‘துன்புறுத்தாமல் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டுவிடுவோம், எத்தனை உருப்படி இருந்தாலும் 22,000 ரூபாய்’ என்று சொல்லியிருக்கிறது. 5,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் போய்விட்டது. காவல்காரரோ, ‘வாழைப்பழத்தில் மருந்து வைத்தால் நூறு ரூபாயில் முடியும்’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், ‘அது புனுகுப்பூனை, பிடித்து வைத்தால் காசு’ என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார், ‘எங்களைக் கேட்காமல் கூரை ஓடுகளைப் பிரிக்கக் கூடாது’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்.

வாசகியின் கேள்விகள் இவை: நம் வீட்டுக்குள் வந்த பிராணியைப் பிடிக்கச் சட்டம் தடுக்குமா? கொல்லாமல் காட்டில் விட்டால் தப்பில்லையே? பேரப்பிள்ளை தவழும் வீட்டில் நோய் பயம் உண்டா?

ஆச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி சொல்லும் வேலையை வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம். கூண்டில் பஞ்சு மெத்தை விரித்து வைத்திருந்தாலும் குற்றம்தான்.

1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. 9-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. மரநாய் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பிராணி. தோட்டம், காடு, தேக்குமர மச்சு என்று இடத்தைப் பொறுத்து அதன் பாதுகாப்பு மாறாது. வீடு உங்களுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அனுமதியில்லாமல் பிடித்தால் அந்தப் பிராணி அரசாங்கத்தின் சொத்து; செத்துக் கிடந்தாலும் அப்படியே.

2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைப் பிராணி என்றால் இன்னும் கடுமை: குறைந்தபட்சமே 3 வருஷம். நீங்கள் கவனிக்க வேண்டியது 52-ஆம் பிரிவு. தூண்டியவரும் செய்தவராகவே கருதப்படுவார் என்று அது சொல்கிறது. கூண்டு வைக்கிற பையன் மாட்டினால் அவனுக்குக் கூலி கொடுத்தவரும் சேர்ந்து மாட்டுவார். உங்கள் ஜிபே ரசீது அவர்களுக்கு வரவுக்கணக்கு, உங்களுக்கு எதிரான சாட்சியம்.

அவர்களிடம் ‘லைசென்ஸ்’ இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூச்சிக்கட்டுப்பாட்டுக் கம்பெனிகளுக்கு 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் உண்டு. கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்க அது செல்லும். மரநாயைத் தொட அது அனுமதி ஆகாது. ஒரு வன உயிரினத்தைப் பிடித்து வேறு இடத்துக்கு மாற்ற தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். உங்கள் வீட்டு மச்சுக்கு அப்படி ஓர் உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியிருக்க மாட்டார்கள்.

‘காட்டில்தானே விடுகிறோம், புண்ணியம்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசோடு எழுதியதுதான், ஆனால் நடப்பது வேறு. மரநாய்க்கு ஒரு வட்டாரம் உண்டு. எந்த மரத்தில் எப்போது பழம், எந்தச் சுவரில் ஏறினால் நாய் வராது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் மரநாயோடு மல்லுக்கு நிற்க வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும், பட்டினி கிடக்க வேண்டும். பல பிழைப்பதில்லை. இங்கே உங்கள் மச்சில் ஓட்டை அப்படியே திறந்திருக்கும். கொஞ்ச நாளில் அடுத்தது குடிவரும். திரும்ப 22,000.

அதனால்தான் இந்த மாதிரிக் கடிதம் வரும்போதெல்லாம் ஒன்றையே சொல்கிறேன்: பிடிக்க ஆள் தேடாதீர்கள், அடைக்க ஆள் தேடுங்கள். பிராணி வெளியே போயிருக்கும்போது காலி ஓட்டையை அடைப்பது வேட்டை ஆகாது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது ஓடு மாற்றத் தெரிந்த ஒரு கொத்தனார், ஓர் ஆசாரி, கம்பிவலை வேலை தெரிந்த ஒரு வெல்டர். செட்டிநாட்டில் இவர்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனியையே வைத்துக்கொள்வதானாலும் இந்த வேலைக்கு மட்டும் வையுங்கள்.

முதலில் வாசலைக் கண்டுபிடியுங்கள்

மரநாய் நன்றாக இருட்டிய பிறகு இரை தேடிப் போகும், விடிவதற்குள் திரும்பிவிடும். பகல் முழுக்கத் தூக்கம். சந்தேகப்படும் இடங்களில், அதாவது இறவாரத்தில் ஓடு நகர்ந்த இடம், இரண்டு கூரை சேரும் கூடல்வாய், முகட்டுப் பலகை உளுத்த மூலை ஆகிய இடங்களில், உள்பக்கம் பலகையின் மேல் கோலமாவைச் சலித்துத் தூவி வைக்கச் சொல்லுங்கள். காலையில் தடம் தெரியும். பூனைத் தடத்தில் நாலு விரல், மரநாய்த் தடத்தில் ஐந்து. தடம் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்றும் மாவு சொல்லிவிடும். ஒரு வாசல்தான் என்று நினைத்துக்கொண்டு அடைத்தால் அது இன்னொன்றில் வரும். உங்கள் வீடு மாதிரி நீளமான ஓட்டு வீட்டில் மூன்று நாலு வாசல் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மா, வேம்புக் கிளைகளைக் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வெட்டுங்கள். சுவரோரம் இறங்கும் மழைநீர்க் குழாயில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் ஏறுவது கஷ்டம். பின்கட்டில் விழுந்து கிடக்கும் சப்போட்டா, பப்பாளியைத் தினம் பொறுக்கிவிட வேண்டும். பழமும் படுக்கையும் சேர்ந்து கிடைக்கிற இடத்தை எந்த மரநாயும் சுலபத்தில் விடாது.

குட்டி இருந்தால் எல்லாம் தள்ளிப்போகும்

கீச்சுச் சத்தம் என்று நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் எனக்குக் கவலை. தாய் வெளியே போன நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே செத்துப்போகும். அதுவும் கொன்ற கணக்கில்தான் சேரும். நாற்றம் ஒரு பக்கம். தாய் திரும்பி வந்து பலகையையும் கூரை ஓடுகளையும் பிய்த்தெறியப் பார்ப்பது இன்னொரு பக்கம். வழக்கமாக ஈற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து குட்டி. அவை தாயோடு வெளியே போய்வரத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

பொறுத்த பிறகு ஒரு சோதனை. கண்டுபிடித்த ஓட்டைகளில் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகுங்கள். தாள் விழுந்திருந்தால் இன்னும் குடித்தனம் நடக்கிறது. மூன்று நாலு ராத்திரி தாள் அசையாமல் இருந்து, சத்தமும் இல்லை என்றால் மச்சு காலி. குடித்தனம் தொடர்ந்தால், குட்டி இல்லை என்று உறுதியானபின் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கம்பிவலைக் கதவை மேலே கீல் வைத்து மாட்டலாம். போனது போனதுதான், உள்ளே வர முடியாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு நிரந்தரமாக அடையுங்கள். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போதும். பிளாஸ்டிக் வலை ஒரே ராத்திரிக்குத் தாங்காது. அப்படியே கொத்தனாரிடம் ஒரு கண்டிஷன்: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வைத்து அப்ப வேண்டாம். கொஞ்ச நாளில் பிளந்துகொண்டு வரும், பழைய பூச்சும் கூடவே போகும். எத்தனையோ நல்ல வீடுகள் இப்படித்தான் கெட்டிருக்கின்றன.

மச்சில் விளக்குப் போட்டு ரேடியோ வைத்தால் சில மரநாய்கள் தாமாகவே இடம் மாறும். இதில் கெடுதல் இல்லை, செலவும் இல்லை. மிளகாய்ப் புகை, கந்தகம், வெடி வேண்டாம். நூறு வருஷத் தேக்கில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெடி என்றதும் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்தான் ஞாபகம் வருகிறது. நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் கூடுகட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடிப்பதில்லை.

மருந்தும் புனுகும்

காவல்காரரிடம் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்: பழத்தில் மருந்து வைக்கிற பேச்சே கூடாது. அந்தப் பழத்தை மரநாய்தான் தின்னும் என்று என்ன நிச்சயம்? செட்டிநாட்டில் மயில் இல்லாத தோட்டம் ஏது? மயில் செத்தால் முதல் அட்டவணை. தெருநாயோ பக்கத்து வீட்டு ஆடோ செத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை. மருந்து தின்ற மரநாய் மச்சின் எட்டாத மூலையில் போய்ச் செத்தால் தையில் பெண் அழைப்பு நடத்துகிற வீடாக இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற புனுகுப்பூனை வேறு இனம். உடம்பில் புள்ளியும் வாலில் வளையமும் உள்ள அது பெரும்பாலும் தரையில் திரியும். மச்சில் ஏறிக் குடியிருப்பது மரநாய். இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. பிடித்து வைத்திருந்தாலே குற்றம், விற்கப் பேசினாலும் குற்றம்.

வயரைக் கடித்தது மரநாய் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். என் சந்தேகம் எலி மேல், அல்லது அணில் மேல். மரநாய் பழத்தோடு எலியையும் தின்னும். அது போனபின் எலி பெருகக்கூடும். அதற்கு ஏற்பாடு செய்யாமல் விட்டால் கல்யாணத்தன்று சீரியல் விளக்கு அணையலாம். மேல்மாடி வயரை இரும்புக் குழாய்க்குள் விடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

ஆளை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

யாரை வைத்தாலும் முதல் கேள்வி, ‘எப்படிச் செய்வீர்கள்?’ பதிலில் கூண்டு, வலை, மருந்து, பசை அட்டை என்று எது வந்தாலும் போனை வைத்துவிடுங்கள். ‘குட்டி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?’ என்பது அடுத்தது. இதற்கு விவரமாகப் பதில் சொல்கிற ஆளை நம்பலாம். ‘எத்தனை உருப்படி இருந்தாலும்’ என்று மொத்தமாக ஒரு விலை பேசுகிறவர் வேண்டாம். எத்தனை ஓட்டை, எத்தனை அடி வலை, எத்தனை ஓடு என்று வேலைக்கணக்கில் பேசுங்கள். எச்சத்தைக் கழுவிச் சுத்தம் செய்வதும், ஆறு மாதத்துக்குள் மறுபடி நுழைந்தால் வந்து அடைப்பதும் அதில் சேர வேண்டும்.

வெள்ளைத்தாளிலாவது இப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: ‘இந்த வேலையில் எந்த வன உயிரினத்தையும் பிடிக்கவோ, அடைக்கவோ, காயப்படுத்தவோ, இடம் மாற்றவோ மாட்டோம். குட்டியோ அடிபட்ட பிராணியோ தென்பட்டால் வேலையை நிறுத்தி வீட்டுக்காரருக்கும் வனத்துறைக்கும் தெரிவிப்போம்.’ பிறகு வேலையாள் ஏதாவது ஏடாகூடம் செய்தால் உங்கள் பக்கம் பேச ஒரு காகிதம் இருக்கும்.

வனத்துறைக்கும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. உங்கள் ஊர் எதில் வருகிறதோ அந்த வனச்சரக அலுவலகம். எப்போதிலிருந்து இருக்கிறது, குட்டி இருக்கும் சந்தேகம், ஓட்டையை அடைக்கப்போகிறோம், பார்வையிட்டு ஆலோசனை தாருங்கள் என்று எழுதி, படம் இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மரநாய்க்காக மறுநாளே ஜீப் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவர்களுக்கு ஆள் குறைவு. அந்த ஒப்புகைச் சீட்டுக்கே மதிப்பு உண்டு. குட்டி கீழே விழுந்து கிடந்தாலும் அவர்களையே கூப்பிடுங்கள். எடுத்துப் பால் புகட்ட வேண்டாம்.

ஓடு பிரிக்கும்போது பாம்பு தென்பட்டால் தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள். வேலையாள் வீரம் காட்ட வேண்டாம். பாம்பு பிடிப்பது ஒரு தனிக்கலை. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்ததே அந்தத் திறமைக்குத்தான்.

பேரப்பிள்ளையும் வௌவாலும்

2002-03-இல் சார்ஸ் நோயோடு சேர்த்துப் பேசப்பட்டது சீனச் சந்தைகளில் இறைச்சிக்கு விற்ற வேறோர் இனம், முகத்தில் பட்டை உள்ளது. நம்ம ஊர் மரநாய் மச்சில் இருப்பதால் அந்த நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். கடி விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. மரநாயோ வௌவாலோ கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளச் சொல்லுங்கள். அது முடியும்வரை பிள்ளையைத் தவழ விட வேண்டாம்.

இரண்டாம் கட்டு வௌவால் சின்ன ஜாதி என்றால் அது பூச்சி தின்னி. அந்தியில் எல்லாம் வெளியே போகும். குட்டி இல்லாத சமயம் பார்த்து, போக மட்டும் வழிவிடும் வலையைக் கட்டிப் பிறகு அடைக்கலாம். பழந்தின்னி வௌவாலைக் கொல்லலாம் என்று சிலர் பழைய நினைப்பில் சொல்வார்கள். அதைத் தீங்குயிரி என்று வைத்திருந்த பட்டியலையே 2022 திருத்தம் எடுத்துவிட்டது.

பங்காளிகள்

கொழுந்தனார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொதுவில் கிடக்கிற வீடு கெடாமல் இருக்க அவசியமான பழுது பார்ப்பதை நீதிமன்றங்கள் பொதுவாகக் குறை சொல்வதில்லை. ஆனால் செலவை ஐந்தாகப் பிரித்துக் கேட்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கறை பிடித்த பலகையின் படம், கொத்தனாரின் மதிப்பீடு, வேலை தொடங்கும் நாள் மூன்றையும் குடும்பக் குழுவில் போட்டு, ஆளுக்கு ஒரு வரி சம்மதம் வாங்குங்கள். அதையே அழியாமல் எடுத்து வையுங்கள். அந்த வாட்ஸ்அப் சம்மதம் பின்னால் உதவும்.

காலம்தான் நெருக்கடி. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கார்த்திகை முடியும்வரை ஓட்டில் கை வைக்க முடியாது. இந்த வாரமே கோலமாவு தூவத் தொடங்கினால், குட்டி இல்லாத பட்சத்தில் புரட்டாசிக் கடைசிக்குள் அடைத்துவிடலாம். குட்டி இருந்தால் மழைக்கு முன் கிளை வெட்டுவது, பழம் பொறுக்குவது, வயர் மாற்றுவது மட்டும் செய்துவிட்டு அடைப்பை மார்கழிக்குத் தள்ளுங்கள். பெண் அழைப்புக்கு முன் மூன்று வாரமாவது கிடைக்கும். அதுவும் போதாமல் போனால், அந்த ஒரு கட்டைப் பூட்டிவிட்டு மற்ற இடத்தில் விசேஷத்தை நடத்துங்கள்.

கம்பெனிக்காரருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘பிராணியைப் பிடிக்கும் வேலை வேண்டாம். கூண்டு எதுவும் கொண்டுவர வேண்டாம். முன்பணத்தைத் திருப்பி அனுப்பவும், அல்லது ஓட்டை அடைக்கும் வேலையில் கழித்துக்கொள்ளவும்.’ தரமாட்டேன் என்று அடம்பிடித்தால் 5,000 ரூபாயோடு விட்டுவிடுங்கள். சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குக் கொடுத்த முன்பணத்தை வழக்குப் போட்டு வாங்குவது சுலபமில்லை. எதற்குக் கொடுத்தீர்கள் என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார்.